எல்லாச் சாவுக்கும் 'மாரடைப்பு' என்றே எழுதுகிறார்கள், எப்படிச் சரிபார்ப்பது?

ஏரிக்கரை:
ஊராட்சியில் சுமார் 3,000 பேர். ஓராண்டுச் சாவுகளைக் காரணத்தோடு தொகுக்கிறோம். வி.ஏ.ஓ. பதிவேட்டில் 11 சாவுகள். பாதிக்கு மேல் 'மாரடைப்பு', மீதி 'முதுமை'. வீட்டில் கேட்டாலும் அதே பதில்தான். வேறு எப்படிக் கேட்பது?

வடக்குத்தெரு:
முதலில் எண்ணிக்கையைப் பாருங்க. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 6 சாவு என்று வைத்தால் 18 வரணும். சின்ன ஊரில் நாலைந்து கூடும், குறையும். ஆனால் 11 என்றால் தேடித்தான் ஆகணும். சாவு நடந்த இடத்தில்தான் பதிவாகும். மாவட்ட ஆஸ்பத்திரியில் இறந்த உங்க ஊர்க்காரர் நகராட்சிப் பதிவேட்டில் இருப்பார். மயான ஊழியர், அங்கன்வாடி, கிராம சுகாதார செவிலியர் மூவரிடமும் பட்டியல் வாங்கி ஒப்பிடுங்க. அதிகம் விடுபடுவது பிறந்த சில நாளில் இறந்த குழந்தைகள்.

வெள்ளைத்தாள்:
"எதனால் இறந்தார்" என்று கேட்டால் மாரடைப்பு என்றுதான் வரும். கடைசியில் எல்லாருக்கும் இதயம் நிற்கத்தானே செய்யும்! "என்ன ஆச்சு, முதலில் இருந்து சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாம எழுதுங்க. பிறகு துருவுங்க: காய்ச்சல் எத்தனை நாள்? இருமலில் ரத்தம் வந்ததா? படுத்தால் மூச்சு முட்டியதா? வாய் கோணியதா, ஒரு பக்கம் விழுந்ததா? உடம்பு இளைத்ததா? மாத்திரை அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் போட்டோ எடுங்க.

உதாரணமாக: பல வருஷச் சர்க்கரை, ஆறாத கால் புண், அது அழுகி ரத்தத்தில் கிருமி ஏறி மரணம். டாக்டர் தரும் படிவம் 4ஏ-வில் (மரணக் காரணச் சான்று) முதல் வரி நேரடிக் காரணம். கீழே போகப் போக அதற்கு முந்தையது. சர்க்கரை கடைசி வரியில் வரணும். கணக்கில் எடுப்பது அதைத்தான்.

கருமாதி முடிந்த பிறகு போங்க, ஆனால் மாதக்கணக்கில் தள்ளாதீங்க, நாள் கணக்கு மறந்துபோகும். கூட இருந்து பார்த்துக்கொண்டவர்தான் பேசணும், வீட்டுப் பெரியவர் அல்ல.

ஏரிக்கரை:
நன்றி. இரண்டு வீட்டில் 'தீராத வயிற்றுவலி' என்றார்கள். இளவயது.

வடக்குத்தெரு:
தற்கொலையை மறைக்கவும் அப்படிச் சொல்வதுண்டு, உண்மையான நோயாகவும் இருக்கும். வற்புறுத்த வேண்டாம். வலி எத்தனை மாதம், எங்கே காட்டினார்கள், போஸ்ட்மார்ட்டம் நடந்ததா என்று தனியாகக் கேளுங்க. தாளில் பெயருக்குப் பதில் எண் மட்டும்.

காரணத்தை நீங்க முடிவு செய்யாதீங்க. இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் படிக்கட்டும், ஒத்துவராவிட்டால் மூன்றாமவர். அப்போதும் தெளியலேன்னா 'தெரியவில்லை' என்றே எழுதுங்க. மாரடைப்புக் கணக்கில் சேர்க்காதீங்க.