பூங்கா கித்தா (ரப்பர்) மரச் சிற்பத்துல பால் வெட்டு தப்பு! யாரு கண்ணுக்கும் படலையா?

கித்தா மகன்:
நேத்து ஒரு மேதை எழுதியிருக்காரு, ஏரிப் பூங்காவுல வெச்ச அஞ்சு இரும்புச் சிற்பமும் 'தோட்ட வாழ்க்கையைக் கண்முன்னால நிறுத்துது'ன்னு. எந்த வாழ்க்கை லா? அதுல இருக்கிற கித்தா மரத்துல பால் எடுக்குற வெட்டு வலது மேல ஆரம்பிச்சு இடது கீழ இறங்குது! மரத்தைப் பார்த்து நின்னா இடது மேல, வலது கீழன்னுதான் இருக்கணும். முப்பது வருசம் பால் பிடிக்கிற மங்கு துடைச்ச எங்கம்மா பார்த்துட்டு சிரிச்சாங்க.

ஓவியப்பித்தன்:
அந்த மேதை நான்தான். அது சிற்பம் அண்ணே, தோட்டத்துத் தண்டல் (மேற்பார்வையாளர்) கணக்குப் புத்தகம் இல்ல.

கித்தா மகன்:
பட்டைக்குள்ள பால்குழாய் நேரா ஏறாது தம்பி, லேசா வலப்பக்கம் சாஞ்சு ஏறும். இடது மேல வெட்டினாதான் நிறைய குழாய் அறுபடும். ஒட்டு மரத்துக்கு 30 டிகிரி சாய்வு. பேராக் கோலகங்சார்ல 1877ல நட்ட கித்தாவுல ஒரு மரம் இன்னும் நிக்குது, அதையாவது போய்ப் பார்த்திருக்கலாம்.

மூணாம் டிவிஷன்காரி:
பின்பக்கம் போய் நின்னு பாருங்க, சரியாத்தான் தெரியும்.

கித்தா மகன்:
அக்கா, திருகாணியைச் சுத்தி வந்தா புரி மாறுமா?

ஓவியப்பித்தன்:
திருகாணி இல்ல, ஓட்டை போட்ட தகடு. பின்னால போனா மாறும்.

கித்தா மகன்:
தகட்டுல எவன் பால் வெட்டுறான்? வாசல் முன்பக்கம் இருக்கு. வெட்டு இடது மேல!

செம்பனை சிவா:
வெட்டை விடுங்கப்பா. துரு ஒழுகி தரையெல்லாம் சிவப்பு. சாயம் அடிக்க காசில்லையா?

ஓவியப்பித்தன்:
துருதான் அழகு. செம்பு கலந்த எஃகு, மேல் துருவே கவசம். இங்கிலாந்து கேட்ஸ்ஹெட்ல 1998ல நிறுத்தின 'வடக்கின் தேவதை', 20 மீட்டர், அதுவும் இப்படித்தான்.

செம்பனை சிவா:
நனைஞ்சு காய்ஞ்சாதான் அந்தக் கவசம் இறுகும். நம்ம ஊர் மழையில எப்ப காயுது?

கித்தா மகன்:
தேவதை பால் வெட்டுமா? கோலாலம்பூர் வீரர் நினைவுச்சின்னம் துகு நெகாராவைச் செஞ்ச ஃபெலிக்ஸ் டி வெல்டன் வெளிநாட்டுக்காரரு. அவரே 1966ல துப்பாக்கியைத் தலைகீழா கொடுக்கல.

மூணாம் டிவிஷன்காரி:
கிராணி (தோட்டக் குமாஸ்தா) வீட்டுப் பிள்ளை பால்வெட்டு பேசுது! உளி பிடிச்சிருக்கீங்களா?

கித்தா மகன்:
அப்பா கிராணி ஆனது பின்னாடி. கோயில் அண்டாவைத் தூக்கிட்டுப் போய் இன்னும் திருப்பாதவங்க கேக்குறாங்க!

மூணாம் டிவிஷன்காரி:
அண்டா ஓட்டை, நாங்கதான் அடைச்சோம். ரசீது இருக்கு.

செம்பனை சிவா:
சாயம்?

ஓவியப்பித்தன்:
அடிச்சா நான் போராட்டம் பண்ணுவேன்.

கித்தா மகன்:
பண்ணுங்க. படம் எடுத்துட்டேன், நாளைக்கு மன்றத்துக்கு எழுதுறேன். இடது மேல, வலது கீழ. ரசீதையும் போடுங்க பார்ப்போம்.