சரிவான மண்ணில் டிஸ்க் கால்ஃப்: வீச்சுப் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

குன்னூர் மைதானம்:
தட்டுகளை வீசி, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் ஒரு கூடைக்குள் சேர்க்கும் ஆட்டமான டிஸ்க் கால்ஃப் ஆடத் தொடங்கியிருக்கும் நம் மலைப்பகுதி இளைஞர்கள் பலரும் ஒரே விதமாகப் பயிற்சி செய்கிறார்கள். வேக எண் (தட்டை எவ்வளவு வேகமாக வீச வேண்டும் என்பதைக் காட்டும் எண்) 12 அல்லது 13 உள்ள, நெடுந்தூரம் வீசுவதற்கான டிரைவர் தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, ஓடிவந்து, முழு வலுவையும் போட்டு எறிகிறார்கள். அது மேலெழும்பி இடப்பக்கம் சரிந்து விழுந்ததும், அடுத்த முறை இன்னும் வேகமாக எறிகிறார்கள். கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவந்து வீசும் பேக்ஹேண்ட் வீச்சு ஓரளவு படியும் வரை டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு, கூடையில் இடுவதற்கான, வேக எண் 2 அல்லது 3 உள்ள பட்டர் தட்டை மட்டும், சமதரையில், நின்ற இடத்திலிருந்தே வீசிப் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பட்டர் பிழையை மறைப்பதில்லை. வலக்கைக்காரர் ஒருவரின் மணிக்கட்டு விடுவிக்கும் நேரத்தில் சற்று உருண்டால்கூட அது தள்ளாடி வலப்பக்கம் புரண்டுவிடும்.

முதலில் தட்டை வலப்பக்க மார்பருகே வைத்துக்கொண்டு, அங்கிருந்து மட்டும் முழங்கையை முன்னே செலுத்தி விடுவிக்க வேண்டும். அது தள்ளாடாமல் பறக்கத் தொடங்கிய பிறகு, தட்டைத் தொடங்கும் இடத்தை மார்பின் நடுவுக்கும், பின் இடப்பக்கத்துக்கும், கடைசியில் கை முழுதாகப் பின்னே நீளும் நிலைக்கும் கொண்டுபோகலாம். இந்த வரிசை முழுவதிலும் முன்கால் ஊன்றிய பிறகே கை முன்னே வர வேண்டும். கால்களைக் குறுக்காக மாற்றி வைத்து நகர்ந்துவரும் எக்ஸ் ஸ்டெப் எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

கொடை மேல்மலை:
ஐயா, டிரைவரை ஒதுக்கச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. சமதரை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் சமதரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் ஆட்டம் முழுவதும் சரிவில்தான் நடக்கிறது. ஒரே தட்டை ஒரே இடத்திலிருந்து ஒரே திசையில் வீசிக்கொண்டே இருப்பவருக்கு அன்று மாலைக்குள் கை படிந்துவிட்டது போலத் தோன்றும். மறுவாரம் சரிவில் நிற்கும்போது அந்தப் படிவு உதவுவதில்லை.

கை அசைவுகளைக் கற்பது குறித்து ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஒரே அசைவைத் தொடர்ந்து பழகியவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் பின்னர் வைத்த சோதனையில் முந்தினார்கள். ஆகவே ஒவ்வொரு வீச்சுக்கும் தட்டையோ, இலக்கையோ, நிற்கும் இடத்தையோ மாற்றுவதையே பயிற்சி என்பேன்.

குன்னூர் மைதானம்:
நீங்கள் சொல்லும் ஆய்வில் பங்கேற்றவர்கள் சிறு மரத்தடுப்புகளைக் கையால் குறிப்பிட்ட வரிசையில் தட்டிவிட்டார்கள். எவரும் முதல் நாளிலேயே செய்துவிடக்கூடிய அசைவு அது. டிஸ்க் வீச்சில் பாதம், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாக விசை ஏறிவர வேண்டும். இந்த வரிசையே உருவாகாத ஒருவரிடம் எதைக் கலந்து பழகச் சொல்வது? நிற்கும் இடமும் தட்டும் ஒவ்வொரு முறையும் மாறினால், தவறு கையில் நேர்ந்ததா மண்ணில் நேர்ந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உதகை காற்று:
இருவருமே தட்டு பறக்கும் விதத்தைப் பார்த்துப் பிழையைக் கண்டறியலாம் என்ற எண்ணத்தில் பேசுகிறீர்கள். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். தட்டைத் தாங்கும் விசை அதே அளவில் குறைவதால், சென்னையில் நெடுந்தூரம் மிதந்து செல்லும் தட்டு இங்கே சீக்கிரம் இறங்குகிறது; வலப்பக்கம் திரும்புவது குறைந்து, இடப்பக்கம் சரிவது முந்திக்கொள்கிறது. சமவெளியில் எடுத்த காணொளியோடு தன் வீச்சை ஒப்பிடும் ஒருவர், தட்டின் முன்விளிம்பு தூக்கிக்கொண்டுவிட்டது என்று எண்ணி, சரியாக இருக்கும் மணிக்கட்டை மாற்றத் தொடங்குகிறார். இது வீணான கேடு. கைபேசியைப் பக்கவாட்டில் ஒரு முறையும் பின்புறம் ஒரு முறையும் வைத்துப் படம் பிடித்து, உடம்பைப் பார்த்துத் திருத்துங்கள்.

கொடை மேல்மலை:
உயரத்தைப் பற்றிச் சொன்னது முக்கியமானது; அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. இங்குள்ள காற்றையும் மண்ணையும் முதலிலிருந்தே சேர்த்துக் கற்க வேண்டும் என்றுதானே நானும் சொல்கிறேன்?

கையா மண்ணா என்று ஐயா கேட்டதற்கு வருகிறேன். தொடக்கத்தில் நான் சொல்லும் பயிற்சியில் தட்டும் இலக்கும் மாறுவதில்லை. நிற்கும் நிலை மட்டும் நான்கு விதமாக மாறுகிறது. முன்கால் மேட்டில், முன்கால் பள்ளத்தில், மேடு முகத்துக்கு எதிரே, மேடு முதுகுக்குப் பின்னே. பள்ளம் நோக்கி வீசும்போது பெரும்பாலோரின் தோள்கள் தரைச் சரிவோடு சாயாமல் நிமிர்ந்தே இருக்கின்றன. அதனால் முன்விளிம்பு தூக்கிக்கொண்டு, தட்டு காற்றில் தொங்கி, பக்கவாட்டில் வெகுதூரம் போய்விடுகிறது. சமதரையில் இந்தப் பிழை எழவே எழாது. எழாத பிழையை அங்கே எப்படித் திருத்துவீர்கள்?

சரிவான புல்வெளி தேடி, சோலைக்காடுகளை ஒட்டிய வனத்துறை நிலத்துக்குள் யாரும் போக வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். காட்டெருமை மேய்ந்தால் அன்றைய பயிற்சியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கோத்தகிரி மழை:
மழை மாதங்களில் உங்கள் இருவர் திட்டமும் நடக்காது. அப்போது வீட்டிலேயே தேங்காய்ப்பூத் துண்டின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக வீசிப் பாருங்கள். துண்டு உதறும் ஓசை உடம்புக்கு முன்னே கேட்க வேண்டும். பின்னே கேட்டால் வலு முன்னதாகவே செலவாகிவிட்டது என்று பொருள்.

கூடையில் இடுவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஃபின்லாந்தில் பிறந்த ஜூலி (JYLY) என்ற பயிற்சி ஆட்டம் இதற்குப் போதும். 10 மீட்டரிலிருந்து ஐந்து தட்டுகளை இடுங்கள். ஐந்தும் விழுந்தால் மறுபடியும் 10 மீட்டர். நான்கு விழுந்தால் 9. ஒன்றும் விழாவிட்டால் 5. விழுந்த தட்டுகளைத் தூரத்தால் பெருக்கி, இருபது சுற்றுக்குக் கூட்டினால் அதிகபட்சம் 1,000 புள்ளிகள். தவறினால் அருகே வருவதும், சேர்ந்தால் விலகிப் போவதும் தானாகவே நடக்கின்றன.

குன்னூர் மைதானம்:
நான்கு நிலைப் பயிற்சி நல்லது. என் மாணவர்களுக்கும் கொடுப்பேன். ஆனால் தொடக்கத்திலேயே அல்ல, அதற்குக் காரணம் முழங்கால். ஊன்றிய முன்கால், விடுவித்த பிறகு குதிகாலின் மேல் திரும்ப வேண்டும். திரும்பாமல் ஈரமண்ணில் பதிந்து நின்றால் முறுக்கு முழுவதும் முழங்காலில் ஏறுகிறது. சமதரையிலேயே குதிகாலைத் திருப்பத் தெரியாத சிறுவனைச் சரிவில் நிறுத்த நான் தயாராக இல்லை.

கொடை மேல்மலை:
முழங்கால் பற்றிய கவலை நியாயமானது. அதற்குத் தூரத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, சரிவைத் தள்ளிவைக்கக் கூடாது. 20 மீட்டருக்கு மேல் போகாத மென்மையான வீச்சில் காலில் ஏறும் முறுக்கு குறைவுதான். முதல் வாரத்திலேயே சரிவில் நிறுத்தி, அந்தத் தூரத்துக்குள் மட்டும் வீசச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன மார்பருகே தொடங்கும் வீச்சே அதற்குப் பொருத்தமானது.

குன்னூர் மைதானம்:
20 மீட்டர் என்றால், மண் காய்ந்திருக்கும் நாளில் மட்டும், ஒப்புக்கொள்கிறேன். எக்ஸ் ஸ்டெப் சமதரையில்தான், அதில் மாற்றமில்லை.