நகைச்சுவைக்கென்றே 24 மணி நேர அலைவரிசை: யாருக்கு வந்த யோசனை?

தெஹிவளை நிலா:
அப்பா ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டில் ஆதித்யா டிவியைத் தவிர வேறொன்றும் ஓடுவதில்லை. காலையில் கவுண்டமணி செந்திலை உதைக்கிறார், மத்தியானம் வடிவேலு அடி வாங்குகிறார், இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடியும் கவுண்டமணி. அடுத்த வசனத்தை அப்பா நடிகருக்கு முந்திச் சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறார். முழுப் படம் போட்டால் என்ன? ஏன் துண்டு துண்டாகவே போடுகிறார்கள்? வெளிநாடுகளிலும் இப்படித்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ரவி:
சன் குழுமத்தின் அலைவரிசை அது. 2009இல் தொடங்கினார்கள். கலைஞர் டிவிக்காரர்களிடம் சிரிப்பொலி இருக்கிறது. சன்னுக்குத் தெலுங்கில் ஜெமினி காமெடி, கன்னடத்தில் உதயா காமெடி, மலையாளத்தில் சூர்யா காமெடி என்று உடன்பிறப்புகளும் உண்டு. முழுப் படத்துக்குத்தான் கேடிவி இருக்கிறதே, தங்கச்சி! வாங்கிவைத்த படத்தை அங்கே முழுதாகவும் இங்கே துண்டாகவும் போட்டால் ஒரே காசில் இரண்டு வேலை முடிந்துவிடும்.

பழைய வீடியோக்கடைக்காரர்:
ரவி தம்பி சொன்ன கணக்குச் சரி. ஆனால் துண்டு போடும் யோசனை தொலைக்காட்சிக்காரர்களின் மூளையில் உதித்தது அல்ல. வெள்ளவத்தையில் நான் வீடியோ நாடாக்கள் வாடகைக்கு விட்ட காலத்தில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பவென்று "பகிடிக் காட்சிகளை மட்டும் ஒரு கசெட்டில் அடித்துத் தாருங்கள்" என்று கேட்டு வருவார்கள். இரண்டு டெக்குகளை வயரால் இணைத்து, ஒன்றில் படத்தை ஓட்டி, கதாநாயகன் தலை தெரிந்ததும் மற்றதில் பதிவை நிறுத்துவேன். ஒட்டு விழுந்த இடமெல்லாம் திரையில் வெள்ளைப் புள்ளிகள் சீறும், அரை வசனம் விழுங்கப்பட்டிருக்கும். ஒருவரும் குறை சொன்னதில்லை.

அப்படி வெட்டினாலும் பகிடி சாகாமல் இருந்ததற்குக் காரணம், தமிழ்ப் படங்களில் நகைச்சுவை பெரும்பாலும் தனி வண்டியாக ஓடியதுதான். என்.எஸ். கிருஷ்ணன் தன் பகுதியைத் தானே எழுதி, தன் குழுவோடு நடித்துக் கொடுத்த காலத்திலிருந்தே இந்த வழக்கம் உண்டு. 'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் இயக்குநர் கங்கை அமரன்; வாழைப்பழக் காட்சியை எழுதியவரோ ஏ. வீரப்பன். படத்தின் கதை என்னவென்று தெரியாத பிள்ளைகூட அந்த இரண்டாவது வாழைப்பழத்துக்கு இன்றைக்கும் சிரிக்கிறது. கதையிலிருந்து கழற்றி எடுக்கத்தக்க விதமாகவே செய்த சாமான் அது, மகள்.

வெளிநாட்டைக் கேட்டீர்கள். அமெரிக்காவில் 1989 நவம்பரில் எச்பிஓ நிறுவனம் 'த காமெடி சேனல்' என்று ஒன்றைத் தொடங்கியது. அதில் அறிவிப்பாளர்கள் வந்து பேசுவார்கள், நடுநடுவே படத்துண்டுகளும் மேடைப் பகிடித் துண்டுகளும் வரும். அச்சு அசல் நம்முடைய ஆதித்யாதான்! 1990 ஏப்ரல் 1இல், வேண்டுமென்றே முட்டாள்கள் தினம் பார்த்து, வயாகாமின் எம்டிவி பிரிவு 'ஹா!' என்று போட்டிக்கு இறங்கியது. அவர்கள் பழைய நகைச்சுவைத் தொடர்களை முழுதாக ஓட்டினார்கள். இரண்டு பேருக்கும் நட்டம். ஒரு வருடம் கழித்து, அதே ஏப்ரல் 1இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஜூனில் அதற்கு 'காமெடி சென்ட்ரல்' என்று பெயர் வைத்தார்கள்.

துண்டுகளை நம்பி அங்கே பிழைக்க முடியவில்லை. சொந்தமாகச் சமைத்த பிறகுதான் தலை நிமிர்ந்தார்கள். 1996இல் செய்திகளைக் கிண்டலடிக்கும் 'த டெய்லி ஷோ', 1997இல் 'சவுத் பார்க்' கேலிச்சித்திரம். 2003இல் வயாகாம் மற்றப் பங்காளியின் பாதியை வாங்கக் கொடுத்த விலை 122.5 கோடி டொலர். ஆதித்யாவும் சொந்தமாகச் செய்யாமல் இல்லை. 'கொஞ்சம் நடிங்க பாஸ்' நிகழ்ச்சியில் ஆதவன் ஒலிவாங்கியோடு போய்ச் சாதாரண ஆட்களைச் சினிமாக் காட்சி நடிக்க வைப்பார். எனக்குப் பிடித்ததே அதுதான். மற்ற நேரத்தில் அறிவிப்பாளர்கள் தாங்களே சிரித்துத் தாங்களே கைதட்டுவது பொறுக்காமல் ஒலியைக் குறைத்துவிடுவேன்.

மருதானை வாசகி:
ஐயா, தமிழ்நாட்டையும் அமெரிக்காவையும் சுற்றிவிட்டு நம் ஊரை விட்டுவிட்டீர்களே! எழுபதுகளில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்காத வீடு உண்டா? ராமதாஸ் முஸ்லிம் தமிழ், ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ், செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழ், அப்துல் ஹமீத் ஐயர் தமிழ். நால்வரும் ஒரு வீட்டுக்குள். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது. 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. இரவல் துண்டு ஒன்றும் இல்லை, முழுக்க நம் சரக்கு. அப்படிப்பட்ட ஊரில் 1998இல் சக்தி, 2009இல் வசந்தம் என்று தமிழ் அலைவரிசைகள் வந்தும், பகிடிக்கென்று ஒன்றுகூட ஏன் முளைக்கவில்லை?

பழைய வீடியோக்கடைக்காரர்:
கோமாளிகளை மறப்பேனா, அம்மா! ஆனால் வானொலியில் வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி எழுதினால் போதும். முழுநேர அலைவரிசைக்கு வாரத்தில் 168 மணி நேரம் நிரப்ப வேண்டும். சன்னுக்குப் பின்னால் தமிழ்ச் சினிமாவே களஞ்சியமாக இருந்தது. இங்கே எடுத்த தமிழ்ப் படங்களை எல்லாம் சேர்த்து ஓட்டினாலும் ஒரு கிழமையைத் தாண்டாது. விளம்பரம் கொடுக்கும் கடைக்காரனும் அதைத்தான் முதலில் கேட்பான்.

தெஹிவளை நிலா:
வீடியோக்கடை ஐயாவின் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளவத்தையில் கடை எந்தப் பக்கம், மார்க்கட் பக்கமா பாலத்தடியா என்று கேட்கிறார். தானும் ஒரு கசெட் அடிப்பித்தாராம்.