செல்ஃப் அடித்தால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுடுகிறதா? எர்த் பட்ட பாடுகள்

சிங்காநல்லூர் 800:

என்னுடையது 1997 மாடல் மாருதி 800, கார்பரேட்டர் வண்டி. போன வருஷம் டிங்கரிங், பெயின்டிங் முடித்து எடுத்தேன். பெயின்ட் அடித்தவர் ஆர்வக்கோளாறில் கியர்பாக்ஸுக்கும் சில்வர் அடித்துப் பளபளப்பாக்கியிருந்தார். நானும் ஊரெல்லாம் பானெட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதத்தில் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி மாற்றினேன். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி புஷ், கார்பன் மாற்றினேன். ஒரு வாரம் ஓடியது, அப்புறம் அதே 'டக்'. இதற்கிடையில் ஆக்ஸிலரேட்டர் பெடல் வேறு பிடித்துப் பிடித்து வந்தது. அது தனிப் பிரச்சினை என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் அப்பா பானெட் பக்கம் நிற்க, நான் நாலைந்து தடவை செல்ஃப் அடித்தேன். "ரப்பர் கருகுற வாசம் வருதுடா" என்றார். ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடு. சோக் கேபிளும் அப்படித்தான்.

அப்போதுதான் உறைத்தது. இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். பாடிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பேட்டரியின் ஒரு முனையை இரண்டோடும் இணைத்து, கரண்ட் திரும்பிப் போக வழி கொடுப்பதுதான் எர்த். என் வண்டியில் பேட்டரி நெகட்டிவிலிருந்து தடித்த வயர் இன்ஜினோடு சேர்ந்த கியர்பாக்ஸுக்கும், மெல்லியது ஒன்று பாடிக்கும் போகிறது. செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவும் தடித்த வயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அதன் லக்குக்கு (வயர் முனையில் அழுத்திய உலோக வளையம்) அடியில் அழகாக சில்வர் பெயின்ட்! கரண்ட் பாவம், கிடைத்த வழியில் போயிருக்கிறது: இன்ஜினிலிருந்து கேபிள்கள், அங்கிருந்து பாடி, அப்புறம் அந்த மெல்லிய வயர்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் முதலில் அதைத்தான் செய்து ஏமாந்தேன். 0.01 ஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியரில் 1 வோல்ட் போய்விடும், சாதா மீட்டர் அவ்வளவு சின்னத் தடையைக் காட்டாது. டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் (கிளாம்பில் இல்லை, தூணிலேயே), இன்னொன்றை இன்ஜினில் பளிச்சென்ற இரும்பிலும் வையுங்கள். இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றிவிட்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. எனக்கு 1.9 காட்டியது.

வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். முதலில் நெகட்டிவைக் கழற்றினேன். மாட்டும்போது அதுதான் கடைசி. பழைய வயரின் உறையைக் கீறினால் உள்ளே செம்பு பச்சையாகி உதிர்ந்தது. வெல்டிங் கடையில் 25 சதுர மில்லிமீட்டர் கேபிள் ஒரு மீட்டர் வாங்கி, செம்பு லக்கை அங்கேயே அழுத்தி வாங்கிக்கொண்டேன். (சுத்தியலால் தட்டி நசுக்கலாம் என்று யூடியூபில் சொல்வார்கள், வேண்டாம்.) கியர்பாக்ஸில் லக் உட்காரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் வெள்ளையாகும்வரை தேய்த்தேன். பாடி முனைக்கும் அதே. ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே வாசலின். இப்போது 0.12 வோல்ட். செல்ஃப் அடிக்கும் சத்தமே வேறு.

ஜீப்காரன்:

எனக்கு வேறு மாதிரி ஆட்டம் காட்டியது. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும், அணைத்தால் இறங்கும். ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட் மாற்றி, கடைசியில் சென்சாரும் மாற்றினேன். முள்ளின் ஆட்டம் மட்டும் மாறவே இல்லை. லைட்டுக்கும் தண்ணீர்ச் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

கிளட்ச் வேலைக்கு இன்ஜினை இறக்கியபோது பாடிக்கும் இன்ஜினுக்கும் இடையே இருந்த பின்னல் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். சென்சார் எர்த் எடுப்பது இன்ஜினில், மீட்டர் எடுப்பது பாடியில். லைட் கரண்ட் ஆல்டர்னேட்டருக்குத் திரும்பும்போது இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் வர, முள் பொய் சொல்லியிருக்கிறது. பட்டையைப் போட்டதும் அடங்கிவிட்டது.

யாழ் மைனர்:

எங்கள் வீட்டில் அப்பப்பாவின் மொறிஸ் மைனர் இன்னும் ஓடுகிறது. பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு உடனே ஸ்பானரை எடுக்க வேண்டாம். மைனருக்கு பொசிட்டிவ் தான் எர்த். புது பட்டரி வாங்கி வந்த மருமகன், "கறுப்பு வயர்தானே பொடிக்குப் போகும்" என்று மாற்றிப் பூட்டிவிட்டான். அம்மீட்டர் தலைகீழாக ஓடியது, பின்னாளில் பூட்டியிருந்த ரேடியோவும் போச்சு. டைனமோவையும் திரும்ப போலரைஸ் செய்ய (பொசிட்டிவ், நெகட்டிவ் திசையைச் சரிப்படுத்த) வேண்டி வந்தது. அதற்குப் பிறகு பட்டரித் தட்டில் சிவப்புப் பெயின்டால் பெரிய கூட்டல் குறி போட்டு வைத்திருக்கிறேன். சுரண்டுவது, தேய்ப்பது, வாசலின் எல்லாம் எங்களுக்கும் அதேதான்.

மைலேஜ் பைத்தியம்:

ஐந்தாறு நீல வயர் சேர்ந்த கிரவுண்டிங் கிட் (கூடுதல் எர்த் வயர்கள்) ஆன்லைனில் கிடைக்கிறதே, போட்டால் பிக்கப், மைலேஜ் கூடும் என்கிறார்கள். யாராவது போட்டீர்களா?

சிங்காநல்லூர் 800:

நண்பர் ஒருவரின் வண்டியில் மாட்டிப் பார்த்தோம். மாட்டும் முன் அளந்தது 0.15, மாட்டிய பின் 0.1. வண்டி ஓட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்கு மட்டும் பறக்கிறதாம். சரி, காசு கொடுத்தவர் அவர்தானே. உங்கள் எர்த் ஏற்கெனவே நன்றாக இருந்தால் கூடுதல் வயருக்கு அங்கே வேலை இல்லை. கெட்டுப் போயிருந்தால் ஒரு மீட்டர் வெல்டிங் கேபிள் போதும். முதலில் அளந்து பாருங்கள்.

ஜீப்காரன்:

அந்த ஆக்ஸிலரேட்டர் கேபிள் என்ன ஆச்சு?

சிங்காநல்லூர் 800:

கழற்றிப் பார்த்தேன், உள்ளே பிளாஸ்டிக் உறை உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. அது மட்டும் பாதியில் சிக்கிக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துவிட்டுப் புதுசு போட்டேன். சோக் கேபிள் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அதற்கு.