'முடிவு' வேண்டாம், 'தேறுகணிப்பு' சரிவருமா?

வணக்கம்.

வென்டிலேட்டர் வைத்தவர்களுக்கு வரும் நிமோனியாவையும், அதில் நோயாளி தேறுவாரா என்று முன்கூட்டிக் கணிப்பதையும் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் 'முடிவு முன்கணிப்பு' என்ற சொல் வந்திருக்கிறது. நோய்க்குப் பெயர் வைப்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. வென்டிலேட்டர், நிமோனியா இரண்டும் ஆஸ்பத்திரி வராண்டாவில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் வரை தெரிந்த சொற்கள், அப்படியே இருக்கட்டும், நடுவில் 'சார்' போதும்: 'வென்டிலேட்டர் சார் நிமோனியா'. 'வென்டிலேட்டரால் வரும்' என்று மட்டும் வேண்டாம். மூச்சுக்குழலில் இறக்கிய குழாயின் ஓரமாகக் கிருமி கலந்த எச்சில் கசிந்து நுரையீரலுக்குப் போவதுதான் பெரும்பாலும் காரணம். அதுவும் குழாய் போட்டு 48 மணி நேரம் கடந்த பிறகு வந்தால்தான் இந்தப் பெயர்.

என் கவலை 'முடிவு முன்கணிப்பு' பற்றி. சில ஆண்டுகளுக்கு முன் உசிலம்பட்டியிலிருந்து சித்தப்பாவை மதுரைக்குக் கொண்டுவந்து தீவிர சிகிச்சையில் சேர்த்திருந்தோம். ஒன்பதாம் நாள் நிமோனியா என்றார்கள். கையெழுத்துக்குக் கொடுத்த தாளில் 'நோயின் முடிவு பற்றிய கணிப்பு' என்று இருந்தது. சித்தி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டது, "அப்ப தத்தனேரிக்குத்தானா?" தத்தனேரி மதுரையின் சுடுகாடு. சித்தப்பா பிழைத்து வீடு வந்தார், ஆனால் அந்த இரவு சித்தி பட்ட பாட்டுக்கு அந்த ஒரு சொல்தான் காரணம்.

அங்கே காத்திருக்கும் அத்தனை பேரும் டாக்டரிடம் கேட்பது "தேறிருவாரா?" என்றுதான். அந்த வினையையே எடுத்து 'தேறுகணிப்பு' என்போம். கணிப்பா தேறுகிறது என்று கேட்பீர்கள். ஆடுகளத்தில் களமா ஆடுகிறது? வினைத்தொகை, அதனால் 'க்' மிகாது.

தேறாதவர்களையும் சேர்த்துத்தானே கணிக்கிறோம் என்றால், மழைக்கணிப்பு என்பதால் மழை பெய்தே தீரும் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தீவிர சிகிச்சையில் இருப்பவரின் நிலைக்கு எண் போடும் அளவுகோல்களில், 1985இல் வந்த அபாச்சி-2 ஆகட்டும், ஆறு உறுப்பு மண்டலங்களுக்குத் தலா 0 முதல் 4 வரை போட்டு 24க்குக் கூட்டும் சோஃபா ஆகட்டும், எண் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்பது உண்மை, ஆனால் இதே நிலையில் இருக்கும் நூறு பேரில் ஏறக்குறைய எத்தனை பேர் இறக்கலாம் என்றுதான் அவை சொல்லும், இந்தக் கட்டிலில் கிடப்பவர் என்ன ஆவார் என்று சொல்லாது. 'முடிவு' அதைத் தீர்ப்பாக்கிவிடுகிறது.

எதையும் மூடி மறைக்கச் சொல்லவில்லை. இறப்பு விகிதத்தை இறப்பு என்றே எழுதுவோம். செவிலியர்களாக இருக்கும் அன்பர்கள் வார்டில் இந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்து, கேட்டவர்களுக்கு விளங்கியதா என்று எழுதுங்கள்.