ஸ்ட்ரான்சியம் போட்டும் சிலிக்கான் ஊசியாகவே நிக்குது, உதவுங்க

துவாஸ்_வார்ப்பு:
அவசரம். எல்எம்25 (அலுமினியம்-சிலிக்கான் வார்ப்புக் கலவை), 300 கிலோ உலை. சிலிக்கான் மெல்லிய நாரா மாறணும்னு 10 சதவீத ஸ்ட்ரான்சியம் கம்பி 600 கிராம் போட்டாச்சு. மைக்ரோவில் (நுண்ணோக்கியில்) சிலிக்கான் இன்னும் தட்டை தட்டையா, ஊசி ஊசியா இருக்கு. டி6 வெப்பப் பதப்படுத்தலுக்குப் பிறகும் நீட்சி 1.5 சதவீதம் தாண்டல. நாளைக் காலைல மறுபடி ஊத்தணும்.

உருக்கன்:
எத்தனை டிகிரி? கம்பி போட்டு எவ்வளவு நேரம் விட்டீங்க? டீகேஸ் (வாயு நீக்கம்) எதை வெச்சு? ஸ்பெக்ட்ரோ (கலவையில எது எவ்வளவுன்னு காட்டற கருவி) எண் எங்கே?

பழையகரண்டி:
இதெல்லாம் முதல் வருஷப் பாடம் தம்பி. பாஸ்பரஸ் இருந்தா அலுமினியம் பாஸ்பைடு துகள் மேல சிலிக்கான் கரடுமுரடா முளைக்கும், ஸ்ட்ரான்சியத்தையும் தின்னும். ஸ்ட்ரான்சியத்தை இன்னும் 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) ஏத்துங்க.

நாணல்:
டீகேஸுக்கு குளோரின் மாத்திரை போட்டிருந்தா ஸ்ட்ரான்சியம் கசடோட போயிருக்கும்.

துவாஸ்_வார்ப்பு:
730 டிகிரி, 20 நிமிஷம். டீகேஸ் ஆர்கான் வாயு ரோட்டரில, மாத்திரை இல்ல. ஸ்ட்ரான்சியம் 0.018 சதவீதம், பாஸ்பரஸ் 0.0004, இரும்பு 0.14. டிபி (டைட்டானியம்-போரான்) கம்பியும் 600 கிராம் போட்டேன்.

நாணல்:
அப்போ போரான்தான்! ஸ்ட்ரான்சியத்தோட சேர்ந்து போரைடு ஆயிடும்.

உருக்கன்:
5 சதவீதம் டைட்டானியம், 1 சதவீதம் போரான் கம்பின்னா போரான் மொத்தமே 20 பிபிஎம். அதுவும் டைட்டானியத்தோட கட்டிப்போட்டுத்தான் வருது. 180 பிபிஎம் ஸ்ட்ரான்சியத்தை அது என்ன செய்யும்? பாஸ்பரஸும் வெறும் 4 பிபிஎம். கரண்டி அண்ணே, 100 ஏத்தச் சொன்னது தேவையில்லாதது.

பழையகரண்டி:
சோடியமா இருந்தா இந்த வம்பே இல்ல. தடிச்ச இடத்திலயும் நல்லா மாறும்.

நாணல்:
அரை மணி நேரத்துல பாதி ஆவியாகிடும். ஒவ்வொரு கரண்டிக்கும் போட்டுட்டே இருப்பீங்களா?

பழையகரண்டி:
ஸ்ட்ரான்சியம் போட்டா பொடிப்பொடியா துளை விழுமே, அதைப் பேச மாட்டீங்க. நம்ம ஊர் ஈரக்காத்துல கேக்கவே வேணாம்.

உருக்கன்:
சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். துவாஸ், உலையில ஸ்கிராப் எவ்வளவு? எங்கேயிருந்து வந்தது? ஸ்பெக்ட்ரோவில ஆன்டிமனி பாத்தீங்களா? சில இங்காட்ல (உலோகக் கட்டில) அதை 0.1 சதவீதத்துக்கு மேல வேணும்னே போடுவாங்க, சிலிக்கான் தட்டை மெலிசாகும். அது ஸ்ட்ரான்சியத்தோட கலந்தா மக்னீசியத்தையும் இழுத்துக்கிட்டு தனிச் சேர்மமாகி ரெண்டுமே வீணாகும். ஸ்பெக்ட்ரோ மொத்த ஸ்ட்ரான்சியத்தைத்தான் காட்டும், கட்டுண்டது எது, வேலை செய்யறது எதுன்னு அதுக்குத் தெரியாது. அதான் எண் நல்லா இருக்கு, மைக்ரோ கெட்டிருக்கு. சின்ன குரூசிபிள்ல (உருக்குக் குடுவைல) புது இங்காட் மட்டும் உருக்கி, அதே விகிதத்துல கம்பி போட்டு, 20 நிமிஷம் விட்டு ஒரு சாம்பிள் ஊத்திப் பாருங்க. நாரா மாறினா தப்பு ஸ்கிராப்லதான்.

நாணல்:
அப்படின்னா ஆன்டிமனியை எப்படி எடுப்பது?

உருக்கன்:
உருகினதுலேருந்து எடுக்க முடியாது. புது இங்காட் சேர்த்து நீர்த்துப்போக வைக்கலாம். இல்லேன்னா அந்த ஸ்கிராப்பை ஸ்ட்ரான்சியம் போடாத வேலைக்குத் தனியா ஒதுக்கணும்.

துவாஸ்_வார்ப்பு:
ஸ்கிராப் 40 சதவீதம், பழைய வீல். ஆன்டிமனி கேட்கவே இல்ல, இப்போ பாத்தா 0.09. குரூசிபிள்ல நார் வந்துடுச்சு. நன்றி அண்ணே.

பழையகரண்டி:
ஆன்டிமனி இருந்தா நான் சொன்ன சோடியமும் ஒத்துவராது, அதையும் எழுதி வெச்சுக்க.