தெளிப்புக்குப் பின் ஆள் நுழையக் கூடாத நேரம்: ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், மதுரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆள் வைத்துத் திராட்சை பயிரிடும் தோட்ட உரிமையாளர்களுக்காக, வேலையிடப் பாதுகாப்பு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கூலிப் பதிவேடு, முதலுதவி, இழப்பீடு ஆகிய இயல்களுக்குச் சொற்கள் கிடைத்துவிட்டன. மருந்து தெளித்த பின் எத்தனை மணி நேரம் தொழிலாளர்களைப் பந்தலுக்குள் அனுப்பக் கூடாது என்பதைக் குறிக்கும் 'ரீ-என்ட்ரி இன்டர்வல்' என்ற சொல்லில்தான் நிற்கிறேன். பழைய வரைவில் 'மறுநுழைவு இடைவெளி' என்று இருக்கிறது. 'காத்திருப்புக் காலம்' என்று எழுத வழியில்லை. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள்களுக்கு அந்தப் பெயர் முன்பே வழங்குகிறது. அது உண்பவரைக் காப்பது. இது உழைப்பவரைக் காப்பது. இரண்டும் கையேட்டின் ஒரே பக்கத்தில் வருகின்றன. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

அன்புடையீர்,

'மறுநுழைவு' பிழையான ஆக்கம். மருந்து தெளித்தவர் ஒருவர். மறுநாள் கொடி கட்ட வருபவர் வேறொருவர். முதன்முறை நுழைகின்றவரை மறுபடி நுழைகின்றவர் என்று எப்படிச் சொல்வது? 'இடைவெளி' என்றாலோ, கொடிக்கும் கொடிக்கும் இடையே விடும் தூரம் என்றே தோட்டக்காரர் கொள்வார். மேலும், நுழைதல் என்பது இடுக்கான வழியில் செல்வது. நுண்மை, நுழை, நுணுக்கம் ஆகியவை ஓரினச் சொற்கள் என்பது என் துணிபு. பரந்த விளைநிலத்துக்குள் செல்வதற்குப் 'புகுதல்' என்பதே உரிய வினை. புறநானூற்றின் 184ஆம் பாட்டில் வரும் 'யானை புக்க புலம்' என்ற தொடரை நண்பர்கள் அறிவீர்கள். எனவே 'புலம்புகாக் காலம்' என்று பரிந்துரைக்கிறேன். வயல், தோட்டம், தேயிலை மலை அனைத்தையும் 'புலம்' ஒருசேரத் தழுவும். புலமும் புலனும் ஒருவேர்ச் சொற்கள்; நஞ்சு தாக்குவதும் புலன்களையே என்பதால் இச்சொல்லில் இன்னொரு பொருத்தமும் உண்டு.

தோட்டப் பகுதி ஆசிரியர், ஹட்டன்

ஐயாவின் புலமைக்கு வணக்கம். ஆயினும் 'புலம்புகா' என்பதை அச்சில் பார்க்கும் கண் 'புலம்பு' என்றே முதலில் பிரிக்கும். பிரித்துப் படித்தாலும், 'புகா' என்பதற்குச் சங்கச் செய்யுளில் உணவு என்ற பொருள் உண்டே. எங்கள் இலங்கை மலைகளில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இதை விளக்க ஒரு வகுப்பு தேவைப்படும். அவர்கள் பேச்சில் உள்ள 'ஆறுதல்' என்ற வினையைக் கொண்டு 'ஆறவிடும் காலம்' என்றால் என்ன? ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த பழமொழி.

பூச்சியியல் பேராசிரியர், கோவை

'ஆறவிடும் காலம்' கேட்பதற்கு இனிமையாக இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இனிமைதான் எனக்கு அச்சம் தருகிறது. இலை உலர்ந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்புவோர் ஏராளம்; 'ஆறுதல்' அந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கும். கலிஃபோர்னியாவில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த பழத்தோட்டங்களில், தெளிப்பு முடிந்து நெடுநாள் கழித்துப் பழம் பறிக்க வந்தவர்களே நோயுற்றார்கள். இலைமேல் படிந்த பாரத்தியான், காற்றும் வெயிலும் பட்டு, தன்னைவிடக் கொடிய பாரக்சானாக மாறியிருந்தது. அங்கே பொருள் ஆறவில்லை, முற்றியது. திராட்சைப் பந்தலோ தலைக்கு மேல் இருப்பது. அண்ணாந்து காய் பறிப்பவரின் கழுத்திலும் முன்கையிலும் இலை உரசிக்கொண்டே இருக்கும். தோல் வழியாக நஞ்சு ஏறுவதற்கு இதைவிட வாய்ப்பான அமைப்பு வேண்டியதில்லை.

அமெரிக்காவின் 1992ஆம் ஆண்டு விதிகள் இந்த நேரத்தை மருந்தின் நச்சுத்தன்மைக்கு ஏற்ப 12, 24, 48 மணி என்று வகுத்தன. ஆண்டு மழை 25 அங்குலத்துக்குக் குறைவான பகுதிகளில், பாரத்தியானைப் போல நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகையில் மிகக் கொடிய மருந்தைத் திறந்த வெளியில் தெளித்தால் 72 மணி. கழுவிப் போக மழை இல்லாத இடத்தில் எச்சம் நீடிக்கும் என்பதே காரணம். எனவே சொல்லில் கண்டிப்பு தெரிய வேண்டும். 'தோட்ட விலக்குக் காலம்' எனலாம்.

தொழிலாளர் சட்ட வழக்கறிஞர், சென்னை

பேராசிரியர் ஐயா, 'விலக்கு' வேண்டவே வேண்டாம். சட்டத் தமிழில் வரிவிலக்கு, விதிவிலக்கு என்று வரும் இடங்களிலெல்லாம் அது கடமையிலிருந்து விடுபடுவதையே குறிக்கிறது. பாதுகாப்பு விதிகளிலிருந்து தோட்டத்துக்கு விலக்கு என்று ஓர் உரிமையாளர் படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பந்தலில் வேலை செய்வோரில் பெண்கள் பலர். அவர்களுக்கு 'விலக்கு' என்றால் மாதவிலக்குத்தான். ஆண்கள் கூடியிருக்கும் பயிற்சி வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டு அவர்கள் தலைகுனிந்து உட்கார நாம் காரணமாகக் கூடாது.

நான் 'நுழைவுத் தடைக்காலம்' என்பதை முன்வைக்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடப்பில் இருக்கும் மீன்பிடித் தடைக்காலத்தை அறியாத தமிழர் இல்லை. ஒரு காலவரம்பு உண்டு, அதற்குள் இறங்கக் கூடாது, மீறினால் நடவடிக்கை வரும் என்ற மூன்று செய்திகளும் அச்சொல்லில் முன்பே ஏறியிருக்கின்றன.

சொல் எதுவானாலும், பொறுப்பு யாருடையது என்பது கையேட்டில் மங்கிவிடக் கூடாது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட பாதுகாப்பு இயலும், அதை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், பூச்சிக்கொல்லிகளைக் கையாள்வதில் தொழிலாளரின் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யும் கடமையை வேலையளிப்பவர்மீதே வைக்கின்றன. அவை பெயர் சுட்டிச் சொல்பவை தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, ஏலம் ஆகிய பயிர்களையே. திராட்சை அப்பட்டியலில் இல்லை. அப்படியிருக்க, இந்தக் கையேட்டின் வாசகம் தெளிவாக இருப்பது இரட்டிப்பாக வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

'புகா' பற்றிய ஹட்டன் நண்பரின் திருத்தத்தை ஏற்கிறேன். 'புகல்தவிர் காலம்' என்று மாற்றிக்கொள்ளலாம். 'தடை' எனக்கு உவப்பாக இல்லை. தடுக்கப்படுபவர் தொழிலாளி என்றாகிறது. மீறியவரும் அவரே என்று நாளை வாதிட இடம் உண்டாகும். வழக்கறிஞர் அம்மா அஞ்சும் அதே மங்கல் அவர் தந்த சொல்லிலேயே இருக்கிறது. எளிமை வேண்டும் என்பதற்காகப் பொருளைச் சாய்த்துவிடலாகாது.

தொழிலாளர் சட்ட வழக்கறிஞர், சென்னை

ஐயா, தாங்கள் சொல்வது நியாயமான கவலை. ஆனால் 'புகல்' என்றால் இன்று அடைக்கலம்தான். 'புகல்தவிர்' என்பதை அடைக்கலம் மறுப்பது என்றே படிப்பார்கள். தங்கள் கவலையைச் சொல்லால் தீர்க்க முடியாது, வாக்கியத்தால் தீர்க்கலாம். ஒவ்வோர் இடத்திலும் உரிமையாளரை எழுவாயாக வைத்து எழுதினால் போதும்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை

அனைவருக்கும் நன்றி. பேராசிரியரும் வழக்கறிஞரும் உடன்படுகிறார்கள். ஹட்டன் நண்பர் எதிர்க்கவில்லை. 'நுழைவுத் தடைக்காலம்' என்றே அனுப்புகிறேன். வாசகம் இவ்வாறு அமையும்: 'நுழைவுத் தடைக்காலம் முடியும்வரை உரிமையாளர் எவரையும் பந்தலுக்குள் அனுப்பக் கூடாது, தெளித்த மருந்தின் பெயரையும் தடைக்காலம் முடியும் நேரத்தையும் அவர் வாயிலில் எழுதி வைக்க வேண்டும், அந்த நேரத்துக்கு வேறிடத்தில் வேலை தர வேண்டும்.' ஆசிரியர் ஐயாவின் மாற்றுக் கருத்தைக் குழுவின் சொற்பட்டியலில் பதிந்துவிடுகிறேன்.

தோட்டப் பகுதி ஆசிரியர், ஹட்டன்

எதிர்க்கவில்லை என்பது சரி. ஆனால் இந்த இயலின் தலைப்பைப் பார்த்தீர்களா? 'பூச்சிக்கொல்லி தெளித்த பின்' என்று இருக்கிறது. திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வராமல் தெளிப்பது பூஞ்சைக்கொல்லி அல்லவா? இந்தியாவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் பூச்சிக்கொல்லி என்ற பெயரில் பூஞ்சைக்கொல்லியையும் களைக்கொல்லியையும் அடக்கிக்கொள்வது சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். பந்தல்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. பூஞ்சைக்கு அடித்த மருந்துக்குத் தடைக்காலம் கிடையாது என்று அவர் ஆளை அனுப்பிவிட்டால் நாம் இத்தனை நாள் பேசியது வீண். நாங்கள் 'பீடைநாசினி' என்கிறோம்; எல்லாம் அதற்குள் அடங்கும். உங்கள் பக்கத்தில் அது விளங்காது என்றால், மக்கள் சொல்லும் 'மருந்து' என்பதையாவது தலைப்பில் வையுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

நஞ்சை மருந்து என்று அச்சிடுவதற்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன்.